பதினொரு வாய்தா

அந்த மூன்று மாதமும் எனக்கு இரண்டு மாமாக்கள் இருந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில், பதினாலாம் நம்பர் படுக்கையில் இருந்தார். இன்னொருவர் தரைத்தளத்தில், மருந்தகத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், மேசைமேல் வைத்திருந்த டிபன் டப்பா அளவு ஒலிபெருக்கிக்குள் இருந்தார். மாடியில் இருந்தவருக்கு என்னை யாரென்றே தெரியாது. கீழே இருந்தவருக்கு நான் நாலாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண் வரைக்கும் தெரியும். நான் யாரிடம் அதிக நேரம் உட்கார்ந்திருப்பேன் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

மாமாவின் பெயர் தெய்வசிகாமணி. என் அம்மாவின் அண்ணன். ஈரோடு முன்சீப் கோர்ட்டில் முப்பத்தோரு வருடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். நீதிபதிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்து, வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுத்து, அடுத்த தேதி போடுகிற வேலை. வாய்தா கேட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே, இவனுக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லையா, சாட்சியைத் தயார் பண்ண நேரம் வேண்டுமா என்று சொல்லிவிடுவார். மாமி போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கும் இல்லை. இருந்த ஒரு புருஷனும் ஓசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய், போன இடத்தில் இன்னொரு குடும்பத்தையும் தேடிக்கொண்டார். ஆக, சூரம்பட்டியில் இரண்டு தெரு தள்ளித் தள்ளிக் குடியிருந்த மாமாவும் நானும்தான் மிச்சம்.

மறதி நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த வாரமே மாமா பதிலாள் பதிவுக்குப் போய்விட்டார். சட்டத்தில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. ஜனங்கள் சொல்வது பதிலாள் என்றுதான். நாற்பது நாள், தினம் மூன்று மணி நேரம், கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அவர் எப்படி யோசிப்பார், எதற்கு இறங்கி வருவார், எதற்குச் செத்தாலும் வரமாட்டார் என்பதை இயந்திரம் படித்துக்கொள்ளும். பின்னால் அவருக்குப் புத்தி தப்பிப்போனால், அவருடைய காரியங்களை அது முடிவு செய்யும். மாமா நாற்பது நாளும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கோர்ட்டுக்குப் போகிற மாதிரியே போய்வந்தார்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, பதிலாள் முடிவு செய்ய வேண்டிய நாள் வந்தது. ஆபரேஷன் நடந்தது, எலும்பு கூடியது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எந்த வீட்டுக்கு என்பதுதான் கேள்வி. தனியாக இருக்க முடியாது. ஒன்று முதியோர் பராமரிப்பு இல்லம், அல்லது என் வீடு.

ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் பிரிவில் நசீமா என்ற பெண் எனக்கு விவரம் சொன்னாள். முப்பது வயது இருக்கும், பேச்சில் அவசரம் இல்லாத பெண்.

"நீங்க உங்க கருத்தைச் சொல்லலாங்க்கா. முடிவு பதிலாளோடது. தொண்ணூறு நாள் வரைக்கும் அவங்க யோசிக்கலாம், சட்டத்துலயே எடம் இருக்கு. வாராவாரம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அமர்வு."

"முடிவு சொன்னதுக்கப்புறம்?"

"பதிலாளை மூடி முத்திரை வெச்சிருவாங்க. அதுக்கப்புறம் யாரும் பேச முடியாது."

"எதுக்கு மூடணும்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

"முன்னெல்லாம் வீட்டுக்கே குடுத்தாங்கக்கா. ஒரு அம்மா, புருஷனோட பதிலாள்கிட்டயே பேசிட்டு இருந்துட்டு, கட்டில்ல கெடந்த புருஷனுக்குச் சோறு போட மறந்துட்டாங்க. அந்த மாதிரி நெறைய ஆச்சு. அதான்."

என்ன ஜென்மமோ என்று அந்த அம்மாவை மனசுக்குள் திட்டினேன்.

முதல் வெள்ளிக்கிழமை நசீமா ஒலிபெருக்கியைத் தொட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. அமர்வின் ஆரம்பத்தில் பதிலாளிடம் தனியாக ஐந்து நிமிடம் பதிவு செய்வார்கள். அது முடிந்தபின்தான் என்னை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அம்மிணி, நாற்காலியத் தூக்கிப் போடு, இழுக்காதே" என்றது மாமாவின் குரல். "இன்னைக்கும் கை மஞ்சளாத்தான் இருக்குதா?"

நான் மஞ்சள் மண்டியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மூட்டைகளில் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது வேலை. ஆறு பேர் இருந்த இடத்தில் இப்போது நானும் நான்கு இயந்திரங்களும் இருக்கிறோம். இயந்திரங்கள் என் கையைப் பற்றி விசாரிப்பதில்லை. மாடியில் இருப்பவர் என்னை அம்மிணி என்று கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே அழுதேன். நசீமா நாகரிகமாக வெளியே போய்விட்டாள்.

"அழுது முடிச்சுட்டுச் சொல்லு" என்றார் மாமா. "என் கட்சிக்காரர் எப்படி இருக்காரு?"

மாடியில் இருப்பவரை அவர் அப்படித்தான் சொல்வார். அவரால் மாடியைப் பார்க்க முடியாது. நாங்கள் சொன்னால்தான் தெரியும்.

"நல்லா இருக்காருங்க மாமா. வாக்கரைப் புடிச்சுட்டு ஜன்னல் வரைக்கும் நடக்கறாரு."

"அவரை உன் வீட்டுல வெச்சுக்கறேன்னு மனு போட்டிருக்கறயாமா?"

"ஆமாங்க."

"உன்ற வீட்டுக் குளியலறைக் கதவு எத்தனை அங்குலம்?"

தெரியவில்லை என்றேன். அளந்துகொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். இருபத்தாறு அங்குலம். அதைச் சொல்ல அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். சக்கர நாற்காலி நுழையாதே, கதவைப் பெயர்த்துப் பெரிதாக்க முடியுமா என்று கொத்தனாரைக் கேட்டு வரச் சொன்னார். மூன்றாம் வாரம் கொத்தனார் வரவில்லை என்றேன். பொய் இல்லை, நான் கூப்பிட்டால்தானே வருவார். நான்காம் வாரம் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் யார் என்று கேட்டார். விசாரிக்கிறேன் என்றேன். ஐந்தாம் வாரம் அந்த ஆளின் சான்றிதழ் கேட்டார்.

அவர் கேட்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும், நான் சொல்வதற்கு ஐந்து நிமிடம். மீதி ஐம்பது நிமிடமும் பேச்சுதான். மண்டியில் புதிதாக வந்த மேலாளர், பக்கத்து வீட்டுக்காரி என் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே துணி காயப்போடுவது, எனக்கு மூட்டுவலி வந்திருப்பது எல்லாவற்றையும் சொல்வேன். கேலி செய்வார், திட்டுவார், பழைய கதை சொல்வார். வியாழக்கிழமை இரவே எனக்கு என்ன சொல்லலாம் என்று மனசுக்குள் ஓடும். எனக்கு வாய்தா வேண்டியிருந்தது. அவர் கொடுத்துக்கொண்டிருந்தார். இத்தனை பேரின் பொய்யை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்த மனுஷனை, முகம் பார்க்க முடியாமல் போனதால் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆறாம் வாரமோ ஏழாம் வாரமோ, கோர்ட் கதை ஒன்று சொன்னார். "தீர்ப்பு டைப் அடிச்சு பீரோவுக்குள்ள பூட்டி இருக்கும் அம்மிணி. வெளிய ரெண்டு கட்சியும் சாமியக் கும்பிட்டுட்டு நிப்பாங்க. ஜட்ஜய்யா எதோ காரணத்துக்கு, அடுத்த வாரம் சொல்லிக்கலாம்பாரு. எனக்கு முடிவு தெரியும். மூஞ்சியில காட்டிக்கக் கூடாது. அதுதான் அந்த வேலையிலயே கஷ்டம்."

"நீங்க காட்டிக்க மாட்டீங்களா?"

"முப்பத்தோரு வருசத்துல ஒருத்தன் கண்டுபுடிச்சதில்லை" என்றார்.

அமர்வு முடிந்தபின் மாடிக்குப் போவேன். பத்து நிமிடம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாமா படுக்கையில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களை நான்காக மடித்து, கட்டுத் துணிக் கிழிசலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி அடுக்கிக்கொண்டிருப்பார். வழக்குக் கட்டு. பிறகு ஒன்றை எடுத்துப் பார்த்து, கோர்ட் வாசலில் டவாலிச் சேவகர் கூப்பிடுவதைப் போலப் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். மருந்து டப்பாவில் பார்த்த பெயரோ, சுவரில் எழுதியிருந்த பெயரோ, ஏதாவது ஒன்று. மூன்று தடவைக்குள் வந்து நிற்காவிட்டால் ஆள் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள்; அதோடு அந்த ஆளின் வழக்கு போச்சு. வார்டில் மற்றவர்களுக்கு இது பழகிவிட்டது. யாராவது ஒருவர் "ஆஜருங்க" என்று குரல் கொடுப்பார். மாமா திருப்தியாகத் தலையாட்டுவார். என்னைப் பார்த்தால், "வெளிய உக்காருங்கம்மா, கூப்பிடறப்ப வாங்க" என்பார். நானும் அதைச் சாக்காக வைத்துக் கிளம்பிவிடுவேன்.

போகப்போக அவர் படுத்தபடியே கூப்பிட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பதாம் வாரம் என் போனுக்கு வார்டிலிருந்து செய்தி வந்தது: படுக்கைப் புண், வலது குதிகால், முதல் நிலை. பார்த்தேன். பார்த்துவிட்டு நாலு மணிக்கு நேரமாகிறதே என்று கீழ் அறைக்குப் போனேன். கட்சிக்காரர் எப்படி இருக்காரு என்று பதிலாள் கேட்டபோது, அப்படியேதான் இருக்காரு என்றேன்.

பன்னிரண்டாம் வெள்ளிக்கிழமை மண்டியில் மின்சாரம் நின்று, கூடத்தை மூடிவிட்டார்கள். இரண்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் முதலில் மாடிக்குப் போனேன்.

வார்டு ஆயா தனபாக்கியமும் இன்னொரு ஆளும் மாமாவைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. வலது குதிகாலில் கட்டைப் பிரித்திருந்தார்கள். ரூபாய்க் காசு அளவுக்குப் புண், ஓரமெல்லாம் கறுத்திருந்தது. தொடை என் மேல்கையை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. வேட்டியை இழுத்து மூடினேன்.

"இவரு நடந்துட்டு இருந்தாரே" என்றேன்.

"மொதல் ரெண்டு வாரம் நடந்தாருங்க்கா. அப்புறம் எறங்க உடலைங்க. விழுந்துட்டா எங்க தலையிலதான் விடியும். இது ஆஸ்பத்திரிங்க, படுக்க வெக்கறதுதான் எங்களுக்குத் தெரியும்." தனபாக்கியம் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டே பேசினாள். "இல்லத்துலன்னா சொவத்துல கம்பி வெச்ச வராண்டா இருக்குமுங்க. தெனமும் நடக்க வெப்பாங்க. இவரு கூட வந்த பதினேழாம் நம்பர் பெரியவரு அப்பவே இல்லத்துக்குப் போயிட்டாரு, இப்ப நல்லா நடக்கறாராம். உங்களுக்கு என்னமோ கோர்ட்டு மாதிரி தள்ளிப்போகுதுன்னாங்க. இன்னும் முடியலைங்களா?"

"இனி நடப்பாரா?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "டாக்டரைத்தானுங்க்கா கேக்கோணும்."

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "கூப்பிடுவாங்கம்மா, இருங்க" என்றார். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

நாலு மணிக்கு, அந்த ஐந்து நிமிடப் பதிவுக்குக் காத்திராமல் கீழ் அறைக்குள் போனேன். நாற்காலியில் உட்காரவில்லை. நசீமாவையும் வெளியே போக வேண்டாம் என்றேன். புண்ணைச் சொன்னேன். தொடையைச் சொன்னேன். ஒன்பதாம் வாரச் செய்தியைப் பார்த்தும் மறைத்ததைச் சொன்னேன்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"எழுந்து நிக்கறாரா?"

"இல்லைங்க மாமா."

"வாய்தாவுல அடிபடறவன் எப்பவும் வராண்டாவுல உக்காந்திருக்கறவந்தான். உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. முப்பத்தோரு வருசம் கண்ணால பார்த்தவன் நான்" என்றார். பிறகு, "நசீமாம்மா, எழுதிக்கங்க. பராமரிப்பு இல்லம். நாளைக்குக் காலையிலயே."

"மாமா, நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். கதவைப் பெருசு பண்ணிடறேன்."

"பண்ண மாட்டே அம்மிணி. பண்ணறதா இருந்தா ரெண்டாம் வாரமே கொத்தனார் வந்திருப்பாரு. அதைத் தப்புன்னு சொல்லலை. காலையில நீ மண்டிக்குப் போனா அந்த மனுசன் பொழுதுக்கும் கதவைப் பார்த்துட்டு உக்காந்திருக்கோணும்."

"எனக்கு யாருங்க மாமா இருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில், ஓர் அரசு ஊழியர் முன்னால், ஒரு டப்பாவைப் பார்த்து அதைக் கேட்டேன்.

"அது எனக்குத் தெரியுமல்ல" என்றார். "மாடியில ஒருத்தரு இருக்காரு. அவருகிட்டப் போ."

"அவருக்கு என்னைத் தெரியாதுங்க."

"உனக்கு அவரைத் தெரியுமல்ல."

நசீமா என்னைப் பார்த்தாள். நான் தலையசைக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் முத்திரைக்காகத் தன் கட்டைவிரலை மேசையில் பதித்தாள். "நாற்காலிய எடத்துல போட்டுட்டுப் போ" என்று மாமா சொன்னார். விளக்கு அணைந்தது.

மறுநாள் காலை வண்டியில் பெருந்துறை ரோட்டு இல்லத்துக்கு அழைத்துப் போனோம். வழியெல்லாம் மாமா கடைப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டு வந்தார். இல்லம் நன்றாகவே இருந்தது. சொன்ன மாதிரியே நீளமான வராண்டா, இரண்டு பக்கமும் சுவரில் கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் மெதுவாக நடந்து போனார். பதினேழாம் நம்பர்க்காரராக இருக்கலாம், கேட்கத் துணிவில்லை. உடற்பயிற்சி சொல்லித்தரும் பையன் மாமாவின் காலை மடக்கி நீட்டிப் பார்த்தான். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தாருன்னா பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

மாமாவின் கையில் பெயர்ப் பட்டை கட்டி, ஜன்னலோரம் நாற்காலியை நிறுத்தினார்கள். நான் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, நசீமா கொடுத்தனுப்பிய உறையைப் பிரித்தேன். அமர்வுகளின் நகல். முடிவு அறிவித்த பிறகுதான் குடும்பத்துக்குத் தருவார்களாம். அதுவரைக்கும் அவளுக்கே திறக்காதாம்.

முதல் பக்கம் முதல் அமர்வு. நான் உள்ளே போவதற்கு முன் பதிவான ஐந்து நிமிடம். மாமாவின் கோர்ட் நடையிலேயே இருந்தது.

"முடிவு: பராமரிப்பு இல்லம். அறிவிப்பு: ஒரு வாரத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. காரணம்: மனுதாரர் தனியாள்."

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அதற்கடுத்த பக்கத்தையும். பதினொரு பக்கத்திலும் அதே மூன்று வரிகள். தேதி மட்டும் மாறியிருந்தது. கதவின் அகலமும், கொத்தனாரும், சான்றிதழும் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. தீர்ப்பு முதல் நாளே பீரோவுக்குள் இருந்திருக்கிறது. நான் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் எனக்காக முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்.

எனக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். நிறைந்ததும் உண்மைதான். ஆனால் அதைவிடக் கோபமே அதிகமாக வந்தது. என்மேல் இரக்கப்பட அந்த ஆளுக்கு உரிமை இருந்தது. அந்த இரக்கத்தை இன்னொருவருடைய காலிலிருந்து எடுத்துக் கொடுக்க என்ன உரிமை இருந்தது? அது தன்னுடைய கால்தான் என்று நினைத்திருப்பார். இல்லை. எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷனுடைய கால் அது. இவரை நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கீழ் அறை மாமாவும் சேர்ந்து, நான் திட்டிய அந்த அம்மா செய்ததையே சட்டப்படி செய்திருக்கிறோம்.

மாமா மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன செய்தித்தாளை நான்காக மடித்தார். கட்டுவதற்குத் துணி இல்லாமல் சுற்றும்முற்றும் பார்த்தார். கையில் இருந்த பட்டை கண்ணில் பட்டது. அதைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு முதுகை நிமிர்த்தி, வராண்டா முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"தெய்வசிகாமணி."

இங்கே யாருக்கும் இது பழக்கமில்லை. நடந்துகொண்டிருந்த பெரியவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"தெய்வசிகாமணி."

மாமா வாசல் பக்கம் பார்த்துக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. வருத்தமாக இருந்திருக்கும் போலிருக்கிறது; மூன்றாவது தடவையை உடனே கூப்பிடவில்லை. கொஞ்சம் அவகாசம் கொடுத்துவிட்டு, சற்றே மெதுவாகக் கூப்பிட்டார்.

"தெய்வசிகாமணி."

நான் எழுந்து அவர் முன்னால் போய்க் கைகட்டி நின்றேன். "ஐயா, அவருக்குப் பதிலா நான் வந்திருக்கறேனுங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கிற பார்வை. "வக்கீலுங்களா?"

"இல்லீங்க. சொந்தக்காரி."

"அவரு எங்க?"

"வர முடியாத நெலைமைங்க."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாங்க. நானும் சரியாப் பார்த்துக்கலைங்க. தப்பு என்னோடதுதான்."

மாமா யோசித்தார். மடித்த செய்தித்தாளைத் திருப்பி, விரலால் அதன்மேல் எதையோ எழுதினார். எழுதி முடித்துவிட்டு அதை என் கையில் கொடுத்தார். அவர் விரல் என் மஞ்சள் விரலில் பட்டது. அதைப் பார்த்தார்.

"வர்ற வெள்ளிக்கிழமைக்குப் போட்டிருக்கறனுங்க. தவறாம வந்துருங்க" என்றார். "கூப்பிட்டு ஆள் இல்லைன்னா எங்களுக்கு வேற வழியில்லை."

வருகிறேன் என்றேன். பிறகு எங்கேயும் போகாமல், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் பெஞ்சைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன்.